பைத்தானில் பில்லிங்: எம்.சி. ரோடு துணிக்கடையில் 8 வருட அனுபவம்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த கையோடு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. அப்புறம் அதே தெருவிலும் மண்ணடியிலுமாக இன்னும் சில கடைகள். தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்குச் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகள், "அண்ணா, பைத்தானை நம்பி இறங்கலாமா?" என்கிறார்கள். தாராளமாக இறங்கலாம். காசு, தமிழ் இந்த இரண்டில் மட்டும் ஆரம்பத்திலேயே உஷாராக இருக்க வேண்டும்.

முதலில் காசு. அந்த வருடத் தீபாவளிக் கூட்டத்தில் கடைக்காரர் போன் பண்ணினார். "இன்னா தம்பி, ஸ்க்ரீன்ல ஒண்ணு காட்டுது, பில்லுல ஒண்ணு வருது? ஒரு பைசா இடிக்குதே!" போய்ப் பார்த்தேன். 189 ரூபாய் நைட்டி. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பாதியான சிஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், அதாவது 4.725. திரைக்கான கோடில் 189-ஐ 0.025-ஆல் பெருக்கியிருந்தேன். பில்லுக்கான கோடில் 2.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்திருந்தேன். இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் முதலாவது 4.73, இரண்டாவது 4.72. நீங்களே ஓட்டிப் பாருங்கள். 0.025-ஐயோ 4.725-ஐயோ கம்ப்யூட்டரின் பைனரியில் (0, 1 மட்டும் உள்ள கணக்கில்) முழுசாக எழுத முடியாது, ஒரு துளி கூடவோ குறையவோதான் நிற்கும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று எங்கே போனாலும், இப்படிப் பைனரியில் தசமத்தை வைக்கும் ஃப்ளோட் வகை இப்படித்தான்.

காசுக்கு, தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் என்ற பைத்தான் வகையைப் போடுங்கள். எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும், ஃப்ளோட்டாகக் கொடுத்தால் அந்தத் துளிப் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும். இன்னொன்று, பைத்தான் 3-இல் ரவுண்ட் 2.5-ஐ 3 ஆக்காது, 2 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் வழக்கம். டெசிமலும் சொல்லாவிட்டால் அப்படியே செய்யும், நாம்தான் 'ரவுண்ட் ஹாஃப் அப்' (பாதி வந்தால் மேலே ஏற்று) என்று குறிப்பிட வேண்டும்.

அடுத்தது தமிழ். பில்லில் சாமான் பெயருக்கு 12 இடம் ஒதுக்கியிருந்தேன். 'பட்டுப் பாவாடை' என்று அடித்தால் 'பட்டுப் பாவா' என்று அச்சானது. நம் கண்ணுக்கு அது நடுவிலுள்ள இடைவெளியோடு 8 எழுத்து. நீளம் சொல்லும் பைத்தானின் லென் 14 என்கிறது. புள்ளி, கால், கொம்பு எல்லாம் யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) தனித்தனிக் குறியீடு, லென் அவற்றைத்தான் எண்ணுகிறது. ரீஜெக்ஸ் என்ற தனிப் பேக்கேஜைப் போட்டு முழு எழுத்தாகப் பிரித்து எண்ணிய பிறகுதான் பில் ஒழுங்கானது.

இதைவிட என்னை அலைக்கழித்தது 'தொட்டில் துணி'. பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது! இரண்டு நாள் மண்டை காய்ந்தது. 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறைக்கு நார்மலைஸ் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. தமிழில் எதை எழுதினாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் இன்னொரு சிக்கல்: முந்தின கஸ்டமரின் சாமான் அடுத்தவர் பில்லில் வருகிறது. பெரும்பாலும் ஃபங்ஷனின் (பெயர் வைத்துக் கூப்பிடும் கோடு துண்டு) டிஃபால்ட் மதிப்பாக, அதாவது எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வதாக, காலி லிஸ்டை வைத்திருப்பார்கள். அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும், கூப்பிடும்போதெல்லாம் அதே லிஸ்ட்தான் வரும். டிஃபால்டாக 'நன்' (None, அதாவது எதுவும் இல்லை) வைத்து, உள்ளே புது லிஸ்ட் உருவாக்கினால் சரியாகிவிடும்.

விண்டோஸில் ஃபைல் திறக்கும்போது என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று எழுதாமல் விட்டு, தமிழ் வந்ததும் எர்ரரில் நிற்பதும் வாராவாரம் பார்க்கிற ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு பைத்தானையே வைத்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ஆறு மாதம் தொடாத கோடைத் திறந்தாலும் படித்தால் புரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் துணிக்கான வரி மாறியது. அதுவரை ஆயத்த ஆடைக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. வரியைக் கோடுக்குள் எழுதாமல் தேதியோடு தனி டேபிளில் வைத்திருந்ததால் அரை மணியில் வேலை முடிந்தது, பழைய பில்லும் பழைய வரியிலேயே நிற்கிறது. பைத்தான் 3.11 முதல், எர்ரர் வந்தால் கோடின் அந்த வரியில் எந்த இடம் என்றே சுட்டிக் காட்டுகிறது, புதிதாகப் படிப்பவர்களுக்கு அது பெரிய ஒத்தாசை.

எனக்கு உள்ள ஒரே மனக்குறை, கடைக்குக் கொடுக்கும்போது, பைத்தான் போடாத மெஷினிலும் ஓடும் இஎக்ஸ்இ ஃபைல் ஆக்குவது. அதற்கான பைஇன்ஸ்டாலரில் கட்டிக் கொண்டுபோனால் ஆன்டிவைரஸ் அதையே வைரஸ் என்று பிடித்துவைத்த நாட்கள் உண்டு. ஒரு கடையில் இன்னும் விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது, அந்த 3.8-க்கும் 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. பொங்கல் வியாபாரம் முடிந்ததும் மெஷினை மாற்றுவதாக அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், டேட்டாவை இப்போதே நகலெடுத்து வைத்துவிட்டேன்.