ஆன்டிகனி தமிழ்ப் பதிப்பு: வாங்கி வாசித்தவரின் மதிப்புரை

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் கி.மு. 441-ஐ ஒட்டி எழுதிய ‘ஆன்டிகனி’ துன்பியல் நாடகத்தின் தமிழ்ப் பதிப்பைக் கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கினேன். தீப்ஸ் நகரத்தின்மீது படையெடுத்து மாண்ட பாலினிசஸை அடக்கம் செய்யக் கூடாது என்ற அரசாணையை மீறி, சகோதரனின் உடல்மீது மண் தூவிய ஆன்டிகனி, அரசன் கிரியோன் எதிரே நின்று எழுதப்படாத தெய்வ நியதியை எடுத்துரைக்கும் காட்சி, வாய்விட்டு வாசிக்கத்தக்க தெளிவோடு மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. காவிரிப் படித்துறையில் கருமாதி செய்து பழகிய நமக்கு, இறந்தவருக்குரிய கடனைத் தடுப்பதன் கொடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதிலும் கிரியோன் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமோன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. அரசுக்கு விசுவாசமா, இரத்த உறவுக்கா என்ற கேள்வி ஒரே குடும்பத்துக்குள் வெடிக்கிறது. முதலில் அஞ்சி ஒதுங்கி, பின்னர் தண்டனையில் பங்கு கேட்டும் ஆன்டிகனியால் மறுக்கப்படும் அவள் சகோதரி இஸ்மீனிக்காகவே நான் மிகவும் வருந்தினேன். தாள் தரமானது, எழுத்து சற்றுச் சிறியது. இத்தனை உறவுகள் பின்னிக் கிடக்கும் நாடகத்துக்கு உறவுமுறைப் பட்டியல் ஒன்றைப் பதிப்பகத்தார் முன்பக்கத்தில் அவசியம் சேர்த்திருக்க வேண்டும்.