மொறுமொறு வெண்டைக்காய்க்கு எது சரி: ஓ.டி.ஜி.யா, ஏர் ஃபிரையரா, மொட்டைமாடி வெயிலா?

கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் அதில் ஏறத்தாழ 225 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டினால்தான் காய் மொறுமொறுவென்று ஆகும். எண்ணெய்ச் சட்டி இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெய் காயை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டிருப்பதால் தண்ணீர் சடசடவென்று ஆவியாகிவிடும். அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு சிப்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான்.

அவ்வளவு எண்ணெய் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வீட்டில் மூன்று வழி இருக்கிறது: ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் ஒன்றாக இருக்கும் மின் அடுப்பு), ஏர் ஃபிரையர் (சூடான காற்றைச் சுழற்றி வறுக்கும் கருவி), வெயில். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். எல்லாக் காய்க்கும் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் வெண்டைக்காய். காயைக் கழுவி, துணியில் ஒற்றி, அரை மணி நேரம் ஃபேன் காற்றில் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழப்பு கத்தியிலேயே இழுக்கும். வட்டமாக நறுக்க வேண்டாம். நீளவாக்கில் நான்காகக் கீறி விதையை உதறிவிடுங்கள். கால் கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் கடலை மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம். கடலை மாவை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துச் சேர்ப்பது முக்கியம். ஓ.டி.ஜி.யின் சூடு எண்ணெய்ச் சட்டி போல மாவைச் சட்டென்று வேகவைக்காது, பச்சை வாடை தங்கிவிடும். உப்பை இப்போது போடவே கூடாது. போட்டால் ஐந்தே நிமிடத்தில் காய் தண்ணீர் விட்டு, மாவு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். உப்பு கடைசியில், தட்டை வெளியே எடுத்த சூட்டோடு தூவினால் போதும்.

இதே கலவையைப் பாதி ஓ.டி.ஜி.யிலும் பாதி ஏர் ஃபிரையரிலும் வைத்தேன். ஏர் ஃபிரையரில் 170 டிகிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூடையைக் குலுக்கினேன். பதினெட்டு நிமிடத்தில் தயார். ஓரமெல்லாம் பொன்னிறம், கடித்தால் 'கரக்'. ஆனால் நுனிகள் கருகிவிட்டன, காம்புப் பக்கம் கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுத்தது. சுற்றும் காற்று மெல்லிய பகுதியை முதலில் காயவைத்துவிடுகிறது, தடித்த இடத்தில் ஈரம் மிச்சமாகிறது. ஓ.டி.ஜி.யில் 150 டிகிரியில் நாற்பது நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டேன். கடைசிப் பத்து நிமிடம் 120-க்குக் குறைத்து, கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஆவிக்கு வழி விட்டேன். நேரம் அதிகம்தான், ஆனால் காம்பு முதல் நுனி வரை ஒரே பதம். தட்டை அசைத்தால் காய்ந்த சருகு மாதிரி சலசலத்தது. வெண்டைக்காயைப் பொறுத்தவரை எனக்கு ஓ.டி.ஜி.தான்.

மின்சாரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டுமே 1500 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஏர் ஃபிரையர் 18 நிமிடத்தில் அதிகபட்சம் அரை யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஓ.டி.ஜி. முன்சூடு பத்து நிமிடம் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒன்றரை யூனிட். பார்த்தால் மூன்று மடங்கு. ஆனால் நான்கு லிட்டர் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால் 150 கிராம் வெண்டைக்காய்தான் கொள்ளும். ஓ.டி.ஜி.யின் பெரிய தட்டு இரண்டில் அரை கிலோவைப் பரப்பலாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஏர் ஃபிரையரை மூன்று நான்கு தடவை ஓட்டும்போது செலவு சமமாகிவிடும். தனியாக இருப்பவர், இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் யோசிக்காமல் ஏர் ஃபிரையர் வாங்கலாம்.

கீரைக்கு மட்டும் அது வேண்டாம். ஒருமுறை முருங்கைக்கீரையை எண்ணெய் பிசறிப் போட்டேன். விசிறிக் காற்றில் இலைகள் மேலே பறந்து கம்பியில் ஒட்டிப் புகைந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. கறிவேப்பிலையும் அப்படித்தான். ஓ.டி.ஜி.யில் விசிறியை நிறுத்தி 120 டிகிரியில் வைத்தால் கால் மணி நேரத்தில் நொறுங்கும்.

பீட்ரூட் ஆளை ஏமாற்றும். அதில் சர்க்கரை அதிகம் என்பதால் 150-ஐத் தாண்டினால் சிவப்பு போய்ப் பழுப்பாகிக் கசக்கும். 120 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். எடுக்கும்போது தொட்டால் வளையும், வேகவில்லையோ என்று தோன்றும். ஆறட்டும். சர்க்கரைப் பாகு ஆறினால் இறுகுவது போலத் தட்டிலேயே விறைத்து மொறுமொறுப்பாகிவிடும். இந்தப் பொறுமை ஏர் ஃபிரையரிடம் எதிர்பார்க்க முடியாது.

சேனைக்கிழங்கு அதற்கு நேர்மாறு. புளித் தண்ணீரில் மஞ்சள் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும், விரல் நீளத்துக்கு நறுக்கி ஏர் ஃபிரையரில் போட்டால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. ஓ.டி.ஜி.யில் செய்தபோது உள்ளேயும் வறண்டுபோனது.

உருளைக்கிழங்கு சிப்ஸில் இரண்டுமே எண்ணெய்ச் சட்டியிடம் தோற்கின்றன. இரண்டு மில்லிமீட்டருக்குச் சீவி, அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து வைத்தாலும் ஓரம் சிவக்கும்போது நடு வெளுத்தே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கைத் தொடவே தொடாதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சூட்டில் கருத்துவிடும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாகச் சேரும். 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை வெளியே சொன்ன பிறகுதான் சிப்ஸை வெளிர் பொன்னிறத்தோடு நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தார்கள். எண்ணெய் இல்லாமல் செய்தாலும் அது உண்டாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி வெயில். இதை யாரும் போட்டியில் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாகற்காயை வட்டமாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் ஒரு இரவு ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் பரப்பினால் சித்திரை வெயிலில் மூன்று நான்கு நாளில் வற்றல். முதல் நாள் மாலை தோல் மாதிரி வளையும். கடைசி நாளில் கையில் எடுத்து உடைத்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கும், அதுதான் பதம். மின்சாரம் ஒரு பைசா இல்லை, ஒரு வருடம் கெடாது. ஓ.டி.ஜி.யில் செய்த வெண்டைக்காயோ சென்னைக் காற்றில் அரை மணி நேரம் திறந்திருந்தால் நமுத்துப்போகிறது. நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். நமுத்ததை 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து மீட்கலாம்.

வற்றலை எண்ணெயில் பொரித்தால்தானே சாப்பிட முடியும் என்பீர்கள். இல்லை. ஒரு கைப்பிடி பாகற்காய் வற்றலில் அரை டீஸ்பூன் நல்லெண்ணெயைப் பிசறி, ஏர் ஃபிரையரில் 160 டிகிரியில் மூன்று நிமிடம். தண்ணீரை வெயில் ஏற்கெனவே எடுத்துவிட்டதால் அதற்கு மிஞ்சியது சிவக்கவைக்கும் வேலை மட்டும்தான். இரண்டாவது நிமிடத்திலேயே கூடையை இழுத்துப் பாருங்கள், நான்காவது நிமிடத்தில் கரியாகிவிடும். தயிர் சாதத்துக்கு எங்கள் வீட்டில் இப்போது இதுதான்.