யுடிஸ்கி: வட்டு ஏற்றவும் வெளியேற்றவும் ஏற்ற மென்பொருள்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கிய யுஎஸ்பி டிவிடி டிரைவை லினக்ஸ் மடிக்கணினியில் இணைத்து, குடும்பத்தின் பழைய திருமண வட்டுகளைப் பிரதியெடுக்க யுடிஸ்கியைப் பயன்படுத்தி வருகிறேன். வட்டை உள்ளே தள்ளியதும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல், லினக்ஸில் வட்டுகளைக் கையாளும் யுடிஸ்க்ஸ்2 சேவையின் துணையோடு அதைத் தானாகவே ஏற்றி (அதாவது, அதிலுள்ள கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு இணைத்து), திரையோரத்தில் அறிவிப்பும் காட்டிவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட இது எளிது.

வெளியேற்றும்போதுதான் இதன் அருமை புரிகிறது: ஏதேனும் ஒரு கோப்பு இன்னும் பயன்பாட்டில் இருந்தால் ஏற்றத்தை நீக்க மறுத்து, டிரைவின் தட்டைத் திறக்காமலேயே வைத்திருப்பதால், நடந்துகொண்டிருக்கும் பிரதியெடுப்பு பாழாவதில்லை. மெல்லிய டிரைவுகளில் தட்டை உள்ளிழுக்கும் மோட்டார் இல்லை என்பதால் கையால்தான் மூட வேண்டும். அது மென்பொருளின் குறையன்று.

இசைக் குறுந்தட்டுகளில் கோப்பு முறைமையே (கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) இல்லாததால் அவற்றை யுடிஸ்கி ஏற்றாது. என் தேவாரக் குறுந்தட்டுகளுக்கு, இசைக் குறுந்தட்டுகளைப் பிரதியெடுக்கும் மென்பொருளான சிடிபாரனோயாவைத்தான் நாடினேன்.