ரோசா பார்க்ஸ் பேருந்து, டியர்பார்ன்: ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டியது

மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் கார்களையும் நீராவி எஞ்சின்களையும் தாண்டிப் போனால் ஒரு பழைய நகரப் பேருந்து நிற்கிறது. எண் 2857. ஜெனரல் மோட்டார்ஸ் 1948-இல் கட்டிய, 36 இருக்கைகள் கொண்ட வண்டி. 1955 டிசம்பர் 1 மாலை, அலபாமாவின் மாண்ட்கமரியில் கருப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ், வெள்ளையர் ஒருவருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தது இதில்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைக்காமல், வருகிறவர்கள் ஏறி உட்காரும்படி விட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தை இதற்காகவே மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் ஏறி, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் பாதிகூடப் பார்த்ததாகாது. முன்வாசலில் ஏறியதும் இருக்கைகளை எண்ணுங்கள். அன்று முதல் 10 இருக்கை வெள்ளையர்களுக்கு. காலியாகக் கிடந்தாலும் கருப்பினத்தவர் உட்காரக் கூடாது. கடைசி 10 கருப்பினத்தவருக்கு. நடுவில் 16, ஓட்டுநர் வைத்ததே சட்டம். பார்க்ஸ் உட்கார்ந்தது அந்த முதல் 10-க்கு அடுத்த வரிசையில். பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு ஆண், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். நின்றுகொண்டிருந்த வெள்ளையர் ஒரே ஒருவர்தான். அவர் உட்கார நான்கு பேரும் எழ வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு இனத்தாரும் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கின் கொடுமை புத்தகத்தில் படிக்கும்போது இவ்வளவு உறைக்காது. மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஆகவே உட்காரும்போது ஜன்னலோர இருக்கையிலேயே உட்காருங்கள்.

அங்கிருந்து ஓட்டுநர் இருக்கையைப் பாருங்கள், சில அடி தூரம்தான். அன்றைய ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக் எழுந்து வந்தது அங்கிருந்து. 1943-இலேயே பார்க்ஸை வேறொரு பயணத்தில் இறக்கிவிட்டவர் அவர். முன்வாசலில் காசு கொடுத்து, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பார்க்ஸ் பணியவில்லை. இரண்டு வாசல்களுக்கும் இடையிலான தூரத்தையும் நடந்து பார்ப்பது நல்லது.

வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரி என்ற எண்ணத்தோடு மட்டும் ஏறாதீர்கள். அப்போது 42 வயதான பார்க்ஸ், 1943 முதல் கருப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கமரி கிளைச் செயலாளர். 1944-இல் வெள்ளையர்களால் வன்புணர்வு செய்யப்பட்ட ரெசி டெய்லருக்கு நீதி கேட்டு, நடந்ததை விசாரித்து அறியப் போனவர். கைதானால் என்னென்ன நடக்கும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார். அபராதம் 10 டாலர், வழக்குச் செலவு 4 டாலர். பல்பொருள் அங்காடியில் பார்த்துவந்த தையல் வேலையும் அடுத்த மாதமே போயிற்று.

வண்டி அசல்தானா என்று பலர் கேட்கிறார்கள். பேருந்து ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அதை ஒருவர் வாங்கி வயலில் நிறுத்தி, கருவிகள் போட்டுவைத்திருந்தார். போக்குவரத்து நிலைய மேலாளர் ஒருவரின் நாளிதழ்க் கத்தரிப்பு ஏட்டில் 2857 என்று எழுதியிருந்ததே முக்கியச் சான்று. 2001 ஏலத்தில் அருங்காட்சியகத்தார் 4,92,000 டாலருக்கு எடுத்தார்கள். துரு ஏறி, ஜன்னல்கள் உடைந்து கிடந்ததைச் செப்பனிட்டு 2003-இல் காட்சிக்கு வைத்தார்கள்.

குறை ஒன்று உண்டு. ஒரு வண்டியால் ஒரு மாலையைத்தான் சொல்ல முடியும். அதன்பின் கருப்பினத்தவர் 381 நாள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு, அதற்கு அழைத்து ஒரே இரவில் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட துண்டறிக்கைகள், பேருந்துக்குப் பதிலாக முறை வைத்து ஓடிய கார்கள் எல்லாம் இந்த இருக்கையிலிருந்து தெரியாது. பேருந்துப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்த பிரௌடர் வழக்கில் பார்க்ஸ் மனுதாரரே அல்ல. அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் கைதான கிளாடெட் கால்வின் உட்பட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கு அது. இவற்றைப் படித்துவிட்டுப் போங்கள், அல்லது மாண்ட்கமரியில் கைது நடந்த இடத்திலேயே ட்ராய் பல்கலைக்கழகம் நடத்தும் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கும்போது கவனம்: பக்கத்திலுள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜுக்குத் தனிச் சீட்டு. பேருந்து இருப்பது அங்கே அல்ல, அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்.