சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்றார்கள்

முதல் ரோட் பைக் (தார் ரோட்டில் வேகமாக ஓட்டுகிற, ஹேண்டில் கீழ்நோக்கி வளைந்த சைக்கிள்) வாங்கக் கிளம்பியிருக்கிறவர்கள், அதிலும் கையில் அளவான காசோடு கிளம்பியிருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்தது விலையில் இல்லை, சைஸில். விலையில் மட்டும் ஏமாந்திருந்தால் ஒரு வாரம் புலம்பிவிட்டு மறந்திருப்பேன்.

என் உயரம் 168 செ.மீ. கடைக்குப் போகுமுன் இரண்டு மாதம் கியர், எடை, பிரேக் என்று தேடித் தேடிப் படித்தேன், பிரேம் அளவை மட்டும் மேலோட்டமாக விட்டுவிட்டேன், அதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. அவரும் பார்த்துக்கொண்டார், அவருக்கு வேண்டிய மாதிரி. "கடைசிப் பீஸ் தம்பி, உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறிப் பார்த்தேன், கால் எட்டவில்லை. சீட்டை அடிமட்டம் வரை இறக்கினார், எட்டியது. "சைஸ் 54 தான், உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது" என்றார். பிரேமில் சைஸ் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. ஆசை வந்துவிட்டால் வாய் எங்கே திறக்கிறது.

முதல் வாரம் சுகம். இரண்டாவது வாரத்திலிருந்து 20 கிலோமீட்டர் தாண்டினாலே கழுத்து பிடித்துக்கொண்டது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின (உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டிலில் அழுந்தினால் இந்த இரண்டு விரல்தான் மரக்குமாம், அப்புறம் தெரிந்துகொண்டது). கடையில் போய்ச் சொன்னேன். புதிதாக ஓட்டுகிறீர்கள், உடம்பு பழக வேண்டும் என்று அனுப்பிவிட்டார். மறுபடி போனேன். இந்தத் தடவை 110 மி.மீ. ஸ்டெம்மை (ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் துண்டு) கழற்றிவிட்டு 60 மி.மீ. ஸ்டெம் ஒன்றை மாட்டினார், அதற்குத் தனியாகக் காசு. கை கொஞ்சம் எட்டியது, ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது, இறக்கத்தில் லேசாக அசைந்தால்கூட ஹேண்டில் துள்ளியது.

ஒரு நாள் வழியில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிளில் வந்த ஓர் அண்ணன் நிறுத்தி, என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "யாருடைய வண்டி தம்பி இது?" என்றார். என்னுடையதுதான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. எப்படி அளப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாயின் உச்சியில் நடுவிலிருந்து டேப்பைத் தரைக்கு இணையாகப் பிடித்து, சீட் கம்பியின் நடு வரை அளக்க வேண்டும். 54 சைஸ் என்றால் அது ஏறக்குறைய 54, 55 செ.மீ. வரும். வீட்டுக்கு வந்து அளந்தேன். 58. மூன்று தடவை அளந்தேன், டேப் மேல் சந்தேகம் வந்து வேறு டேப்பாலும் அளந்தேன்.

சீட்டை இறக்கினால் சரியாவது கால் மட்டும்தான். கைக்கும் சீட்டுக்கும் உள்ள தூரத்தைப் பிரேம் முடிவு செய்கிறது, அதை ஸ்டெம்மில் ஒன்றிரண்டு செ.மீ. சரிக்கட்டலாம், அதற்கு மேல் போனால் வண்டி வேறு வண்டியாகிவிடும். S, M, L என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் M இன்னொரு கம்பெனியின் L. ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து அந்தக் குட்டைக் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது), ரீச் (எவ்வளவு முன்னால் இருக்கிறது) என்று இரண்டு எண்கள் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் இருக்கும், இரண்டு வண்டிகளை ஒப்பிட அவைதான் உதவும்.

அதோடு முடியவில்லை. அதே அண்ணன் சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை என் "கார்பன் ஃபோர்க்" (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நடுவில் வைத்தார், பச்சக்கென்று ஒட்டியது. இரும்பு. மேலே கார்பன் நெசவு மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர்! (ஒட்டாவிட்டாலும் கார்பன்தான் என்று அர்த்தமில்லை, அலுமினியத்திலும் ஒட்டாது.) "ஷிமானோ கியர்" என்று சொன்னதில் பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) மட்டும் ஷிமானோ, அதுவும் அடிப்படி மாடலான டூர்னி. ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு), பிரேக் எல்லாம் ஊர் பேர் தெரியாதவை. ஷிமானோ என்பது கம்பெனியின் பெயர், அதற்குள் டூர்னிக்கு மேலே கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிப்படியாக ஏறும். எந்தப் படி, எந்தெந்தப் பாகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அளவான பட்ஜெட்டில் கிளாரிஸோ சோராவோ முழு செட்டாகக் கிடைத்தால் தாராளமாகப் போதும், பின்னால் மட்டும் பெரிய பெயர் தொங்கும் வண்டி வேண்டாம். பின் சக்கரத்தில் இருப்பது கேசட்டா (சக்கர மையத்தில் செருகும் பல்சக்கரத் தொகுதி) ப்ரீவீலா (மையத்தில் திருகி மாட்டும் பழைய வகை) என்றும் பாருங்கள். என்னுடையது ஏழு பல்சக்கர ப்ரீவீல். அந்த அமைப்பில் வலப்பக்க பால்ரஸ் அச்சின் முனையிலிருந்து தள்ளி உள்ளே இருப்பதால் அச்சு வளைய வாய்ப்பு அதிகம், எனக்கு எட்டாவது மாதம் வளைந்தது.

பில்லோடு கடைக்குப் போனேன். பில்லில் என்ன இருந்தது தெரியுமா? "சைக்கிள் – 1". மாடல் இல்லை, சைஸ் இல்லை, பிரேம் நம்பர் இல்லை. "54 என்று நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. ஆகவே மாடல், வருடம், சைஸ், பெடல் பக்கம் பிரேமின் அடியில் பொறித்திருக்கும் நம்பர், நான்கையும் எழுதி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். எழுத யோசித்தாரென்றால் அங்கேயே வண்டியைச் சாய்த்துவிட்டு வந்துவிடலாம். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கடை வாசலில் ஒரு சுற்று போதாது, கால் மணி நேரமாவது வேண்டும், ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்தும் ஓட்டிப் பாருங்கள்.

டயரையும் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயமில்லை, ஆனால் தினமும் உறுத்தியது. 23 மி.மீ. டயரோடு வந்தது, 28 போடலாம் என்று கடைக்காரர் சொன்னார், போட்டால் பிரேக்கில் உரசியது.

போன மாதம் அதை விற்றுவிட்டேன். இரும்பு ஃபோர்க், மாற்றிய அச்சு, டூர்னி, எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன், வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. வாங்க வந்தவர் என்னைவிட ஒரு தலை உயரம். பையில் டேப் வைத்திருந்தார்.