மருத்துவ மோசடியைப் பிடிக்கும் அமைப்பை எங்கே வைப்பது?

ஒரே எக்ஸ்ரே படம் ஐந்து பேருடைய கோப்பில் இருக்கிறது. சாயங்காலமே வீடு திரும்பியவருக்கு மூன்று நாள் ஐசியூ பில் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பிடிக்க அரசு ஓர் அமைப்பைத் தொடங்கும்போது, அது யாருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதில்தான் முதல் இழுபறி.

பணம் கொடுக்கும் அலுவலகத்துக்குள்ளேயே வைப்பதுதான் சுலபமான வழி. மருத்துவமனைச் செலவை அரசே ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இந்தியாவில் 2018-ல் வந்தது. அதில் அப்படித்தான்: தேசிய சுகாதார ஆணையத்துக்குள் ஒரு மோசடித் தடுப்புப் பிரிவு, மாநிலங்களிலும் அதே மாதிரி பிரிவுகள். மருத்துவமனை பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்ம் கண்ணெதிரே வருவதால், சந்தேகப்பட்டால் பணம் போகும் முன்பே நிறுத்திவிடலாம். இந்த வசதி வேறெந்த ஏற்பாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆனால் எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டிப் பெயர் வாங்குவதும் அதே அலுவலகம்தான். 2023-ல் வந்த சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கை, சுமார் 7.5 லட்சம் பயனாளிகளுக்கு எதிரே 9999999999 என்ற ஒரே செல்போன் எண் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பயனாளியைச் சரிபார்க்க அந்த எண்ணை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. சரி, இருக்கட்டும். ஆபரேஷன் நிஜமாகவே நடந்ததா என்று நோயாளியைக் கூப்பிட்டுக் கேட்க எந்த எண்ணை அழுத்துவது?

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் மோசடித் தடுப்பு வேலை சில முறை கைமாறி, 2017 நவம்பரில் தனி ஆணையமாக நின்றது. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வழக்கு நடத்த அரசு வழக்குத் தொடர்வுத் துறையிடம் போக வேண்டும். மருத்துவமனை அளவில் விசாரிக்கத் தனி ஆட்கள் உண்டு என்றாலும், அவர்களை ஏற்பாடு செய்வது அந்தந்த நிர்வாகமே. பெரிய தலைகள் மாட்டும்போது அந்த ஆள் எவ்வளவு தூரம் போவார் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அமெரிக்கா வழக்கிலேயே குறியாக இருக்கிறது. 2007-ல் மயாமியில் தொடங்கிய சிறப்புப் படையில் அரசு வழக்கறிஞர்கள், எஃப்பிஐ, பில் தரவை அலசுபவர்கள் எல்லோரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், ராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்களுக்காக 1863-ல் போட்ட சட்டமும் கைகொடுக்கிறது: உள்ளே இருந்துகொண்டே மோசடியை வெளியே சொல்லி வழக்குப் போடுபவருக்கு, மீட்ட தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கலாம். குறை என்னவென்றால், பெரும்பாலும் பணம் போன பிறகுதான் துரத்துகிறார்கள். அதற்குள் பெயருக்கு நடந்த கம்பெனி ஷட்டரை இறக்கியிருக்கும். பில்லில் சிகிச்சைக்குக் குறியீடு போடும்போது தெரியாமல் செய்த பிழைக்கும் வக்கீல் நோட்டீஸ் வருமோ என்ற பயம் டாக்டர்களுக்கு வேறு.

என் ஓட்டு அமெரிக்காவின் இன்னொரு ஏற்பாட்டுக்கு. அவ்வளவாகப் பேசப்படாதது. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்துக்கு இன்று மாநிலந்தோறும் ஒரு மோசடி விசாரணைப் பிரிவு இருக்கிறது; இந்தப் பிரிவுகள் வரத் தொடங்கியது 1970-களின் கடைசியில். திட்டத்தை நடத்தும் துறைக்குள் அது இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெரும்பாலும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இருக்கிறது. செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. பணத்தை நிறுத்தும் பொத்தான் திட்ட அலுவலகத்திடமே இருக்கட்டும், விசாரணை வெளியே போகட்டும். கூடவே, க்ளெய்ம் தரவை விசாரணைப் பிரிவு யாரையும் கேட்காமல் திறந்து பார்க்க முடிய வேண்டும். எந்தக் கோப்பை அனுப்புவது என்று திட்ட அலுவலகமே தேர்ந்தெடுத்தால், சின்ன நர்சிங் ஹோம்களின் கோப்புகள் மட்டும்தான் வந்துகொண்டிருக்கும்.