பழைய கார் டைனமோவை ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் படிக்கவும்: 8,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு ரீவைண்டிங் கடை (மோட்டார், டைனமோ காயில்களைச் சுற்றித் தருகிற கடை), பெயர் வேண்டாம், பழைய கார் வேலை எல்லாம் செய்வோம் என்று வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற ரகம். என் அம்பாசிடர் மார்க் 2-வின் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற லூகாஸ் டைனமோவைக் கடலூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைக்காரர் பீல்டு காயிலை, அதாவது டைனமோவுக்குள் சுழலாமல் நிற்கிற கம்பிச் சுருளை, வெளியே எடுத்து, மேலே சுற்றியிருந்த துணி டேப்பை நகத்தால் கீறினார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. “பாத்தீங்களா சார், கம்பி நல்லாதான் இருக்கு, துணிதான் இத்துப்போச்சு. காட்டன் டேப் சுத்தி, வார்னிஷ்ல முக்கி, ஓவன்ல வச்சு எடுத்துடலாம். இதுல போய் கறுப்பு டேப் சுத்துறவனை எல்லாம் உதைக்கணும் சார்.” இப்படிப் பேசுகிற ஆளை யார்தான் நம்ப மாட்டார்கள்? 8,500 ரூபாய், முழுசும் முன்பணமாக.

மாட்டிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டவில்லை, சார்ஜ் விளக்கு எரிகிறது, பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே கறுப்பு டேப்! மேலாக வார்னிஷைத் தடவி மறைத்திருக்கிறார்கள். சாதாரண பிவிசி டேப் 80 டிகிரி வரைதான் தாங்கும், ஓடுகிற டைனமோவுக்குள் அது எந்த மூலைக்கு? பசை உருகி வழிந்து, டேப் பிரிந்து உள்ளே சுழலுகிற ஆர்மேச்சரில் உரசி, காயில் கம்பி டைனமோவின் இரும்பு உடம்பைத் தொட்டு பாடி ஷார்ட். கூடவே சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் பாயின்ட்டும் கருகிவிட்டது, அது தனிச் செலவு.

போன் போட்டால் முதலில் “கடல் காத்து சார், உப்பு ஏறியிருக்கும்”. அப்புறம் “உங்க பேட்டரி வீக்”. அப்புறம் “ஓனர் விழுப்புரம் போயிருக்காரு”. நேரில் போனால், வேறு யாரோ பிரித்துவிட்டார்கள், இனிமேல் எங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்கள். பிரித்தது நான்தான், பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? பில் என்று கொடுத்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு, அதில் 8,500 மட்டும் அழகாக எழுதியிருக்கிறது.

கொடுக்கப் போகிறவர்களுக்கு அவசரமாக: வார்னிஷில் முக்குவதற்கு முன்னால், டேப் சுற்றிய காயிலைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வாங்கும்போது, பாடியில் சேரும் முனையைக் கழற்றிவிட்டு சீரிஸ் லாம்ப் (கரண்ட் பாய்ந்தால் எரிகிற சோதனை விளக்கு) வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காயிலுக்கும் பாடிக்கும் நடுவே விளக்கு எரியவே கூடாது. பாதிப் பணம் வண்டியில் மாட்டி ஓட்டின பிறகுதான். கடலூர்ப் பக்கம் காட்டன் டேப் சுற்றுகிற ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது.